நகர இடமில்லாத ராஜா

கடைசிச் சுற்றுக்கு உட்கார்ந்தபோதே என் விரல்கள் சில்லிட்டுப் போயிருந்தன. எதிரே தாவ் ஹுய்லான். எங்களுக்கு ஒரே மாகாண அணி, ஒரே அறை, ஒரே வெந்நீர்க் குடுவை. அவளைவிட எனக்கு அரைப் புள்ளி அதிகம். ஆட்டம் டிரா ஆனால் பெண்கள் தேசிய சாம்பியன் நான். அவள் ஜெயித்தால் அவள்.

தையுவான் நகரத் தொழிலாளர் மன்றத்தில் நிற்க இடமில்லை. மேடைச் சுவரில் பெரிய பலகை மாட்டி, நாங்கள் நகர்த்த நகர்த்த ஒருவர் கோலால் காய்களை மாற்றிக்கொண்டிருந்தார். கீழே சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் நம் சீனச் சதுரங்கத்தில் ஊறியவர்கள். நாங்களும் அப்படித்தான். ஆறு வயதிலிருந்து அதை ஆடியவர்களை மேல்நாட்டு செஸ்ஸுக்கு மாற்றி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

முப்பதாவது நகர்த்தலில் ஒரு குதிரையைக் கோட்டைவிட்டேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பிறகு ஹுய்லான் விடுவாளா? துரத்தித் துரத்தி அடித்தாள். கடைசியில் மூலையில் என் ராஜா மட்டும். அவளிடம் ராஜாவும் ராணியும். கடிகாரத்தில் அவளுக்கு ஒரே நிமிடம் பாக்கி. ராணியைத் தூக்கி டொக்கென்று வைத்தாள்.

பார்த்தேன். ராஜாவுக்குச் செக் இல்லை. ஆனால் எந்தப் பக்கமும் நகர முடியாது.

"வழியே இல்ல! முடிச்சிட்டா!" கூட்டம் ஓவென்று எழுந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினேன். "நீ ஜெயிச்சுட்டடி."

அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அழாதடி சூச்சின். அடுத்த வருஷம் நீதான் சாம்பியன். எழுதி வச்சுக்கோ."

நடுவர் பான் மூச்சிரைக்க மேடையேறினார். "என்னம்மா கொஞ்சல் இது? யாரும் ஜெயிக்கல! நகர முடியலன்னா தோல்வி, அது நம்ம ஆட்டத்துல. இங்க அது டிரா!"

"நகர முடியாதவன் செத்தவன்தானேய்யா!" கீழே ஒரு பெரியவர் கத்தினார். "வெள்ளைக்கார ராஜாவுக்கு மட்டும் என்ன சலுகை?"

மன்றமே சிரித்தது. எங்களுக்குத் தெரியாத விதியா? அதில் பரீட்சைகூட எழுதி, இருவருமே முழு மதிப்பெண் வாங்கியிருந்தோம். ஆனால் அவசரத்தில் கை பழைய ஆட்டத்தைத்தான் ஆடுகிறது.

அப்படியென்றால் நான் சாம்பியன்! வெட்கமே இல்லாமல் மேடையில் குதித்தேன். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. திரும்பினால், ஹுய்லான் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் சொன்னதைத் திருப்பிக் குடு," என்றாள்.

"எதைடி?"

"அடுத்த வருஷம் நீதான்னு சொன்னேன்ல. இப்ப அதை நீ எனக்குச் சொல்லு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அடுத்த வருஷம் நீதான் சாம்பியன்." சொல்லும்போதே, அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் கோப்பை எனக்கே வேண்டும் என்று மனசு துடித்தது.

அவள் என் கண்ணையே பார்த்தாள். "பொய்தானே?"

"ஆமா."

"நான் சொன்னதும் பொய்தான்டி," என்றாள் ஹுய்லான்.