ஜெயபாயின் அல்லேலூயா

விடுப்பில் வரும் பட்டாளத்துக்காரர்களை மேடையேற்றி, கர்த்தர் காப்பாற்றியதைச் சாட்சி சொல்ல வைப்பது பாஸ்டர் அருமைநாயகத்தின் வழக்கம். அதற்கு விழும் கைத்தட்டல் அவருக்குப் பிடிக்கும். இந்த முறை வந்திருந்த நாலு பேரும் சபைப் பக்கம் தலைகாட்டவில்லை. ராஜபாளையத்தில், அவர்களில் ஒருவனான ஜெபசிங்கின் வீட்டுக்கு அவரே கிளம்பிப் போனார்.

"ஏலே, ஆண்டவர மறந்துட்டீங்களா?"

"அவர மறக்கல பாஸ்டர். உங்க மைக்குக்குப் பயந்துதான் வரல. போன வருசம், குண்டு வெடிச்சதுல கர்த்தர் என்னைய மட்டும் காப்பாத்துனாருன்னு சொல்ல வச்சீங்க. என் பக்கத்துல நின்னு செத்தவன் சாலமோன். அவனும் ஜெபம் பண்ணிக்கிட்டுதான் நின்னான். அவன் அம்மா ஜெயபாய் முன்வரிசையில இருந்தாவ. அவியளையும் அல்லேலூயா சொல்லச் சொன்னீங்க. சொன்னாவ."

வழக்கமான ஜெபம் பாஸ்டரின் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டார்.

வன்னியம்பட்டி ஜெயபாய் அந்த ஞாயிறுக்குப் பிறகு ஆலயத்துக்கு வரவேயில்லை. ஏன் என்று கேட்க அவர் ஒருநாளும் போனதில்லை. மூட்டுவலி என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து வாராவாரம், அதே மைக்கில், அந்த அம்மாளின் மூட்டுக்காக அவர் உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்.