தைலம் பூசிய வேட்டைக்காரன்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா. இது வேட்டைக் கதைதான், ஆனால் ரத்தம் வராது.

காக்ஸ் டவுனில் ரெமிஜியஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு கடமான் கொம்பு தொங்குகிறது. தாத்தா சுட்டது என்பார் அவர். வெள்ளைக்காரத் துரை ஊரைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்தது என்று தெரு சொல்லும். தெரு சொல்வதையெல்லாம் யார் நம்புகிறார்கள்? கலியாணம் ஆன நாள்முதல் மருமகன் லாயிட் அந்தக் கொம்புக்குக் கீழேதான் சாப்பிடுகிறான். எங்க வீட்டு ஆம்பளைங்க மானைச் சுட்டாங்க, மாப்பிள்ளை கம்ப்யூட்டரைத் தட்டறார் என்று கிறிஸ்துமஸ்தோறும் குழம்போடு சேர்த்து மாமனார் அதையும் பரிமாறுவார்.

லாயிட்டுக்கு வைட்ஃபீல்டில் வேலை. ஆபீஸ் அவனைச் சில வாரத்துக்குக் கொலராடோ அனுப்புவதாக இருந்தது. அங்கத்து ஆபீஸிலிருக்கும் டேல் என்பவர், வந்தால் மலைக்கு எல்க் வேட்டைக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். எல்க் நம்ம கடமானுக்குப் பெரியண்ணன், குதிரை உயரம். அங்கே பரீட்சை எழுதி அனுமதிச் சீட்டு வாங்கினால் சட்டப்படியே சுடலாம். லாயிட் வாய் சும்மா இருக்காமல் அதை மாமனாரிடம் சொல்லிவிட்டான். அவர் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே அறிவித்தார்: மாப்பிள்ளை கொம்போடு வந்தால் பழசை இறக்கிவிடுவேன்.

அப்புறமென்ன, பயிற்சி! அரிசி மூட்டையை முதுகில் கட்டி ஆபீஸ் மாடிப்படி ஏறினான். எல்க் மாதிரி கூவும் குழலை மொட்டைமாடியில் ஊதினான். காக்ஸ் டவுன் நாய்கள் அத்தனையும் பதில் சொல்லின. அசையாமல் காத்திருக்க மட்டும் பழக வேண்டியிருக்கவில்லை, அதை வைட்ஃபீல்டு டிராஃபிக் எப்போதோ கற்றுக்கொடுத்துவிட்டது.

மாமியார் ஜூலியா, தாயில்லாத பிள்ளை என்று அவன்மேல் உயிரை வைத்தவள். பெட்டியில் பெரிய புட்டி நீலகிரித் தைலம் வைத்தாள். மலைக் குளிரில் நெஞ்சிலும் காதிலும் தடவாமல் வெளியே கால் வைக்கக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

மலையில் டேல் சொல்லிக்கொடுத்தார். விடியலில் காற்று மேலிருந்து கீழே இறங்கும், அதனால் கீழிருந்து ஏறவேண்டும். வெயில் ஏறினால் காற்று திரும்பும், அப்போது நாம் மேலே இருக்கவேண்டும். எல்க்குக்கு மூக்குதான் கண். டேல் வாசனையில்லாத சோப்பில் குளித்து, துணியைக்கூட வெளியில் உலர்த்தி வைத்திருந்தார். லாயிட் பக்தியோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கூடாரத்துக்குள் போய்த் தைலம் தடவிக்கொண்டு வந்தான்.

குளம்புத் தடம் கிடைத்தது, ஈரம் காயாத சாணம் கிடைத்தது, எல்க் மட்டும் கிடைக்கவில்லை. பள்ளத்தாக்கில் காற்று கொஞ்சம் சுழன்றால் போதும், கூட்டம் தலையைத் தூக்கி அடுத்த மலைக்குப் போய்விடும். டேல் காற்றைத் திட்டினார், நிலாவைத் திட்டினார். கடைசி நாள் ரொட்டி தின்பதற்காக லாயிட் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைச் சுருக்கினார். லாயிட் புட்டியை எடுத்துக் காட்டினான்.

"யார் கொடுத்தது?"

"என் மாமியார்."

டேல் மலைப்பக்கம் கையைக் காட்டினார். "மான்கள் அவருக்கு நன்றி சொல்லும்" என்றார்.

லாயிட் ஓடைத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் குளித்தான். ஜூலியாவின் அன்பு அவ்வளவு சுலபமாகக் கரையுமா? சாயங்காலமும் கூட்டம் ஓடியது.

கிறிஸ்துமஸ் வந்தது. கொம்புக்குக் கீழே அதே நாற்காலி. ரெமிஜியஸ் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கே கொம்பு, என்ன ஆச்சு, எல்லாருக்கும் சொல்லுங்க என்றார். புட்டிக் கதையைச் சொன்னால் போதும், பழி இவனைவிட்டு இறங்கிவிடும். எதிரே ஜூலியா கரண்டியோடு நின்று அவன் முகத்தையே பார்த்தாள்.

"குறி தப்பிடுச்சு மாமா" என்றான் லாயிட்.

ரெமிஜியஸ் கண்ணில் நீர் வரச் சிரித்து, தாத்தா கதையை ஆரம்பித்தார். இந்த வருஷம் தாத்தா ஒரே குண்டில் இரண்டு மான் சுட்டிருந்தார்.

ஜூலியா அவன் காதருகே குனிந்தாள். "தைலம் தடவினியா கண்ணு?"

"தினமும், அத்தை."

"அதான் ஒரு தும்மல்கூட இல்லாம வந்திருக்கே" என்று பெரிய கறித்துண்டாகத் தேடி அவன் தட்டில் வைத்தாள். அவன் ஜாக்கெட்டை எத்தனை தடவை துவைத்தும் வாசனை போகாமல் திண்டாடிய மனைவி டோரீன், தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.