நீலாவதி சொன்ன ஜப்பான் படம்

செஞ்சி மாதர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு படம் போடலாம் என்று 1964இல் முடிவானது. தலைவி கமலாம்பாள் சாமி படம் கேட்டார். ஜவுளிக்கடை தேவநாதனின் மனைவி நீலாவதி மட்டும் ஒரு ஜப்பான் படத்தைச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன் சென்னையில், அண்ணன் உறுப்பினராக இருந்த ஃபிலிம் சொசைட்டியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டு தடவையும் அழுத படம். கேட்டால் அண்ணன் படப்பெட்டியை அனுப்பிவைப்பார்.

"சாமி படம் வருசா வருசம் வருது. இத விட்டா நம்ம ஊருல யாரும் பாக்க முடியாது" என்று அவள் விடாமல் சொன்னதில் கமலாம்பாள் இறங்கி வந்தார். கொட்டகை முதலாளி சிங்காரவேலுவிடம் பேசும் பொறுப்பும் அவள் தலையிலேயே விழுந்தது.

"சண்டை இருக்குதாம்மா?"

"இல்லீங்க."

"பாட்டு?"

"அதுவும் இல்ல."

"அப்ப இன்னாதான் இருக்குது?"

"ஒரு குடும்பம். ஒண்ணா சாப்பிடறாங்க, பேசறாங்க, அப்புறம் பிரிஞ்சி போறாங்க."

சிங்காரவேலு காலண்டரைப் பார்த்தார். "அமாவாசை அன்னிக்கு வெச்சிக்கங்க. ஊரே மேல்மலையனூர் கோயில்ல இருக்கும். கொட்டகை சும்மாதான் கெடக்கும்."

இருந்தும் அன்று மாலை மணல்தரை நிறையப் பெண்கள் வந்துவிட்டார்கள். திரையின் அடியில் இங்கிலீஷ் எழுத்துதான் ஓடியது. நீலாவதி மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

குடை செய்து விற்கும் வீடு. வயதான தாய், அண்ணன், தம்பி, அவர்கள் மனைவிமார். தாய் இறந்ததும் சின்னச் சின்ன மனத்தாங்கல்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி மனைவி தலைகுனிந்தபடி எதையோ சொல்கிறாள். அதைச் சொல்ல வாயெடுத்த நீலாவதி நின்றுவிட்டாள். எதிரே, கூட்டத்தின் நடுவில், வள்ளியம்மை உட்கார்ந்திருந்தாள்.

வள்ளியம்மை அவள் ஓரகத்தி, தேவநாதனின் தம்பி மனைவி. போன வருஷம் அண்ணன் தம்பி கடையைப் பிரித்துக்கொண்டு தனித்தனி வீடு போனதிலிருந்து அவளுக்கும் நீலாவதிக்கும் பேச்சு இல்லை. படத்தைச் சிபாரிசு செய்தபோது நீலாவதிக்கு இது தோன்றவே இல்லை. கன்னிப்பெண்ணாகப் பார்த்த படம். தன் வீட்டோடு அதைச் சேர்த்து நினைத்ததே கிடையாது.

"இன்னா சொல்றா அவ? சொல்லும்மா" என்றது ஒரு குரல்.

"நாங்க தனியா போயிடறோம்னு சொல்றா" என்றாள் நீலாவதி.

தம்பி வீட்டார் வண்டி ஏறிப் போன பிறகு, அண்ணன் மனைவியான பெரியவள் பழக்கத்தில் எல்லாருக்குமாக அரிசி அளந்துவிட்டு, பாதியைத் திரும்பக் கொட்டுவதோடு படம் முடிந்தது.

கூட்டம் கலைந்ததும் வள்ளியம்மை நேராக வந்தாள்.

"என்னைக் குத்திக்காட்டத்தான் இந்தப் படமாக்கா?"

"சத்தியமா இல்லடி. உன்னப் பாத்தப்பறம்தான் எனக்கே உறைச்சிது."

வள்ளியம்மை அவள் முகத்தையே பார்த்தாள். நம்பிவிட்டாள் போலிருந்தது.

"சரி, அந்தச் சின்னவ மேல இன்னா தப்பு? பெரியவ ஒரு வார்த்த இருன்னு சொன்னாளா?"

"அவ மனசுல இருந்துச்சி. அரிசி அளந்தாளே, பாக்கலியா?"

"அது வண்டி போனப்பறம். சின்னவளுக்கு எப்படித் தெரியும்?"

நீலாவதி விட்டுக்கொடுக்காமல், சின்னவள் மாமியாரை எதிர்த்துப் பேசிய கட்டத்தை எடுத்தாள். கடைத்தெரு முழுக்க இருவரும் வாதாடியபடியே நடந்தார்கள்.

கடைகள் மறுபடி ஒன்றாகவில்லை. அண்ணனும் தம்பியும் முன்போலவே முகம் பார்க்காமல் வியாபாரம் செய்தார்கள். ஓரகத்திகள் மட்டும் பேசிக்கொண்டார்கள், பெரும்பாலும் சண்டையாக.