கண் அட்டை

"வாசப்படிக்கு அந்தப் பக்கம் நில்லு" என்றாள் பட்டம்மாள் டீச்சர். எல்லம்மாள் உள்ளே வந்தாள். மகள் அம்சாவின் கையை விடவில்லை. மூன்றாம் வகுப்பின் பெஞ்சுகளை ஒதுக்கி டாக்டரம்மாவுக்கு மேசை போட்டிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எதிர்ச்சுவரில் ஒரு ஆணியில் எழுத்து அட்டை தொங்கியது. மேலே பெரிதாக ஒரு ப. கீழே வர வர எழுத்துகள் சிறுத்து, கடைசி வரி எறும்பு ஊர்வது போலிருந்தது.

டாக்டர் வருஷத்துக்கு ஒரு நாள்தான் வருவார். மெட்ராஸில் கண் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி இருக்கிறது, அங்கேயே தங்கி விரலால் தடவிப் படிக்கலாம் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாள். ஜூனில் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூட டாக்டர் எழுதித் தந்தால்தான் செல்லும். அம்சாவின் கார்டில் போன வருஷம் எழுதியிருந்தது: இரு கண்ணும் நலம்.

டாக்டர் கார்டைத் திருப்பினார். "கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்காளே."

"என் கிளாஸ்ல ஒண்ணுகூட ஃபெயில் இல்ல டாக்டர்" என்றாள் டீச்சர். "இவ சோம்பேறி. போர்டுல எழுதிப் போட்டா சும்மா உக்காந்திருப்பா. ரெண்டு போட்டாத்தான் அசைவா."

"அவளுக்கு போர்டே தெரியல டீச்சரம்மா. போன மாசம் இங்க வர்ற தெருவுல தறிக்குப் பாவு நீட்டி வச்சிருந்தாங்க. பட்டப்பகல்ல நேரா நடந்துபோய் அதுமேல உழுந்துட்டா. பட்டு நூலு அறுந்துச்சுன்னு நெசவுக்காரர் உட்டாரு பாருங்க ஒரு அறை. காது வீங்கிக்கினு வந்தா."

"வேடிக்கை பாத்துக்கிட்டு வந்திருப்பா." டீச்சர் டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஹாஸ்டல்ல மூணு வேளை சோறு. இவங்களுக்கு அதுலதான் கண்ணு. போட வக்கில்லேன்னா அதைச் சொல்லிட்டுப் போகட்டும்."

"முசரவாக்கத்துல நாத்து நடறவ நானு" என்றாள் எல்லம்மாள். "உங்க ஊட்டு ஒலையில வேவறது யாரு நட்டதுன்னு கேட்டுப் பாருங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் ரூல்தடியை மேசையில் தட்டினாள். சிரிப்பு நின்றது. அம்சாவின் தோள் ஒருமுறை தூக்கிப் போட்டது.

டாக்டர் அம்சாவின் இமையை விலக்கி டார்ச் அடித்தார். பூ விழவில்லை. சிவப்பில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு பள்ளிக்கூடம் பாக்கி. "வெளியில ஒண்ணும் தெரியலம்மா. அட்டையப் படிக்கட்டும், பாக்கலாம்."

காலையில் வரும் வழியெல்லாம் எல்லம்மாள் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். தெரியாததைத் தெரியலன்னு சொல்லு, போதும். அம்சா தலையாட்டியிருந்தாள். இப்போது சாக்பீஸ் கோட்டில் கால் வைத்து நின்றாள். டாக்டர் குச்சியால் முதல் எழுத்தைத் தட்டினார். அம்சா வாயைத் திறந்தாள். பின்னால் டீச்சர் ரூல்தடியைக் கை மாற்றினாள். கண்ணாடி வளையல்கள் சரிந்தன.

"ப" என்றாள் அம்சா.

குச்சி தட்டியது. "ம." தட்டியது. "ட." வாய்ப்பாடு போல நிற்காமல் வந்தது, கடைசி வரி வரைக்கும்.

"பாத்தீங்களா" என்றாள் டீச்சர். டாக்டர் பேனா மூடியைத் திருகினார்.

எல்லம்மாள் மகளைப் பார்த்தாள். பின்கழுத்தில் வேர்வை இறங்கியிருந்தது. பிறகு வரிசையைப் பார்த்தாள். ஒரு சின்னப் பெண்ணின் உதடு அசைந்துகொண்டிருந்தது. அடுத்தவளுடையதும். யாரும் அட்டையைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தார்கள். போன வருஷம் ஒரு வாரம் அம்சா வீட்டில் இதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சுள்ளி பொறுக்கும்போதுகூட. பாடம் என்று நினைத்து எல்லம்மாள் சும்மா இருந்துவிட்டாள்.

"எத்தினி நாளு அடிச்சு ஏத்துனீங்க?"

"இன்ஸ்பெக்‌ஷன்னா தயார் பண்ணத்தான் செய்வோம்" என்றாள் டீச்சர். "ஒரு வாரம் முன்னாடியே அட்டை வந்துடும். எழுத்து சொல்லிக் குடுத்தது குத்தமா? வெளியே போ."

எல்லம்மாள் போகவில்லை. சுவரண்டை நடந்தாள். சத்தமில்லாமல் ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். டீச்சர் ஓர் அடி எடுத்து வைத்தாள். டாக்டர் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

அம்சா கோட்டிலேயே நின்றாள். முகம் சுவரை நோக்கி இருந்தது.

எல்லம்மாள் விரலை மடக்கிச் சுவரில் தட்டினாள்.

"ப" என்றாள் அம்சா.

மறுபடி தட்டினாள்.

"ம."

அட்டை தொங்கிய இடத்தில் சுண்ணாம்பு ஒரு சதுரம் வெளுப்பாக இருந்தது. அதன் மேல் விளிம்பில் ஆணி. அம்சா அந்தச் சதுரத்தைப் பார்த்துக் கடைசி வரியையும் சொல்லி முடித்தாள். எல்லம்மாள் நிறுத்தவில்லை. விரல் முட்டி சிராய்த்துச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. தட்டினாள். அம்சா கைகளை உடம்போடு ஒட்டி விறைப்பாக வைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தமுறை வரிசையும் சேர்ந்துகொண்டது. முப்பது குரல், வெறுஞ்சுவரைப் பார்த்து, ப, ம, ட. டாக்டரின் பேனா கார்டுக்கு மேலே திறந்தபடி இருந்தது.