முந்திய கைதட்டல்

நான் மளிகைக் கடை வீட்டுப் பெண். அய்யம்பேட்டை கடைத்தெருவில் எங்கள் அத்தாவின் கடை இருக்கிறது; அப்பாவை நாங்கள் அத்தா என்போம். மூட்டை வந்து இறங்கினால், மொத்த வியாபாரி சொன்ன எடையை அப்படியே நம்பி உள்ளே விடுகிற வழக்கம் எங்கள் பரம்பரையில் கிடையாது. மறுபடி ஒருமுறை தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் விடுவோம். அதனால் பிரகதீஸ்வரி ஒருநாள் என்னிடம் வந்து, "நுஸைபா, உன் பவுலிங்க நான் சரி பண்ணித் தரவா?" என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவளுக்கு இதில் என்ன கிடைக்கும் என்றுதான் யோசித்தேன்.

தஞ்சாவூரில் நாங்கள் இருவரும் ஒரே கல்லூரி, ஒரே அணி. இருவருமே வேகப்பந்து. அவள் திருவையாற்றுப் பக்கம் விவசாயக் குடும்பம். அடுத்த மாதம் மாவட்டப் பெண்கள் அணிக்குத் தேர்வு. தேர்வாகிறவர்கள் சேலத்தில் ஒரு வாரம் தங்கி மாநிலப் போட்டி ஆடுவார்கள். எனக்கு அது வேண்டும். தொழுகையில் கேட்டதைத் தவிர வேறு யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத அளவுக்கு வேண்டும். வேகப்பந்துக்கு ஒரு இடம்தான் காலி என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. அந்த இடத்துக்கு நான் ஒருத்தி, அவள் ஒருத்தி. எதிர்க்கடைக்காரர் வந்து நம் கடையைக் கூட்டிப் பெருக்கித் தருகிறேன் என்றால் துடைப்பத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவோமா?

ஆனால் என் பந்தில் கோளாறு இருந்தது, அதை மறைக்க முடியாது. வேகம் உண்டு, திசை கிடையாது. பாதிப் பந்துகள் லெக் பக்கம் போய் விக்கெட் கீப்பரை ஓடவிடும். பயிற்சியாளர் சார் "டைமிங் இல்லம்மா" என்பார். எது எப்போது வர வேண்டும் என்று கேட்டால் அதற்குள் அடுத்த பெண்ணிடம் போயிருப்பார்.

பிரகதி தன் போனில் நான் ஓடி வருவதைப் படமெடுத்துக் காட்டினாள். "பாரு, உன் காலு ரெண்டும் ஒரே கோட்டுல விழுது. ஏன் இப்படி ஓடுறே?"

எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது, அவளிடம் சொல்லவும் செய்தேன். எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால். அதற்கு அந்தப் பக்கம் முழுக்க நடவு வயல். ஓடிப் பழக எனக்கென்று கிடைத்தது வாய்க்கால் கரை மட்டும்தான். அதில் ஒற்றையடிப் பாதைதான் உண்டு. இந்தப் பக்கம் நழுவினால் தண்ணீர், அந்தப் பக்கம் நழுவினால் சேறு. பள்ளிக்கூட நாளிலிருந்து அதில் ஓடி ஓடி, ஒரு காலுக்கு நேர் முன்னால் மறு காலை வைத்து ஓடுவதே என் ஓட்டமாகிவிட்டது. பந்து போடுகிற நேரத்தில் இடது கால் குறுக்கே போய் விழுகிறது, இடுப்பு திரும்ப வழியில்லை, கை பாவம் காத்திருந்து காத்திருந்து தாமதமாக வருகிறது.

பிரகதி மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் நீளமாக ஒரு கோடு போட்டாள். "கோட்ட மிதிக்காத. காலு கோட்டுக்கு ரெண்டு பக்கமும் விழட்டும். முன்னங்காலு ஊனும்போது நான் கை தட்டுவேன். அந்தச் சத்தத்துக்குப் பந்து கைய விட்டுப் போயிருக்கணும். அப்புறம், கொஞ்ச நாளைக்கு வேகத்தக் கொறச்சிக்கோ."

என்னிடம் இருந்த ஒரே சரக்கு வேகம். அதையும் இறக்கி வை என்கிறாள். சரி என்று தலையாட்டிவிட்டு அன்றிலிருந்து அவளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தேன்.

புது முறையில் என் பந்து இன்னும் மோசமாகப் போனது. முன்பு லெக் பக்கம் மட்டும் போனது இப்போது நாலா பக்கமும் போயிற்று. "மாத்தும்போது அப்படித்தாண்டி இருக்கும்" என்றாள் பிரகதி. வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள். நான் அவள் தின்ற பிறகு தின்றேன். விஷம் வைப்பாள் என்றில்லை, ஒரு வழக்கம்தான். ஒருநாள் அவள் சாரிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் போனதும் பேச்சு நின்றுபோனது. இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். காரணமில்லாத சிரிப்பைக் கண்டால் எனக்குப் பிடிக்காது.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் பையைச் சுவரோரம் வைத்து, அதன் மேல் போனைச் சாய்த்து, அவளுக்குத் தெரியாமல் எங்கள் பயிற்சியைப் படம்பிடித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். என் முன்னங்கால் தரையில் ஊன்றுகிறது. ஆனால் அவள் கைகள் அதற்குச் சற்று முன்பே ஒன்றையொன்று தட்டிவிட்டன. அடுத்த பந்தைப் பார்த்தேன். அதிலும் கைதட்டல் முந்திவிட்டது. எல்லாப் பந்திலும் முந்தியது. கால் ஊனும்போது தட்டுவேன் என்று சொன்னவள் ஒருமுறைகூட அப்படித் தட்டவில்லை.

எடையில் கை வைக்கிறவனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது. கோபத்தைவிட, நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்ற திருப்திதான் அதிகம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சுதாரித்துக்கொள்வாள். மைதானத்தில் அவள் சொன்னபடி ஓடினேன், மாலையில் வீட்டுக்கு வந்து வாய்க்கால் கரையில் என் பழைய ஓட்டத்தை ஓடினேன்.

தேர்வு நாளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓவர். பிரகதி முதலில் வீசினாள், அளந்து வைத்தது போலப் போட்டாள். அவளுடைய அம்மா அமிர்தம் கூட வந்து, மைதானத்து ஓரம் புங்கமரத்தடியில் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

என் முறை வந்தது. பழையபடியே ஓடினேன், முழு வேகத்தில். முதல் பந்து லெக் பக்கம் போயிற்று. அடுத்ததும் போயிற்று. கை வேர்த்து, ஒன்று மட்டையாளரின் தலைக்கு மேல் பறந்தது. தேர்வாளர்களில் ஒருவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஓவர் முடிந்ததும் பிரகதி ஓடி வந்தாள்.

"என்னடி இது? பழையபடி கரையிலயே ஓடுறே. இவ்ளோ நாள் என்ன பண்ணோம்?"

அவள் முகத்தில் பயம் இருந்தது. நடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்க மரத்தடிக்குப் போனேன்.

அமிர்தம்மா சொம்பை நீட்டினார். "பதறாதம்மா. இன்னொரு ஓவர் இருக்குல்ல, பாத்துப் போடு. உனக்காகத்தான் காலைலேருந்து சாமிய வேண்டிக்கிட்டு இருக்கேன்."

"எனக்காவா? பிரகதிக்கு வேண்டிக்கலியாம்மா?"

"அவ எப்படியும் வந்துடுவான்னு சார் சொல்லிட்டாரு. ஆனா வந்து என்ன? தெரிஞ்ச புள்ள ஒண்ணு கூட வந்தாத்தான் சேலத்துக்கு அனுப்புவேன்னு அவ அப்பா ஒரே புடியா நிக்கிறாரு. நீ செலக்ட் ஆனாத்தான் அவ போக முடியும். ஒங்கிட்ட சொன்னா பாரம் ஏத்தின மாதிரி ஆயிடும், சொல்லாதீங்கன்னுட்டா. எத்தன பேர எடுப்பாங்கன்னு சார்கிட்டயே போயி கேட்டுட்டு வந்தா. வேகப்பந்துக்கு மூணு பேராம்."

சொம்பைக் கீழே வைத்தேன். அவளுக்கு இதில் ஆதாயம் இருக்கிறது என்று நான் நினைத்தது சரிதான். அந்த ஆதாயம் நான் தோற்பதில் இல்லை, ஜெயிப்பதில் இருந்தது. அப்படியானால் கைதட்டல் ஏன் முந்தியது? அதற்கும் அங்கேயே பதில் வந்துவிட்டது. கடையில் அரிசி நிறுக்கும்போது ஒரு கிலோ ஆகும்வரை நாங்கள் கொட்டிக்கொண்டிருப்பதில்லை. சற்று முன்பே கையை நிறுத்துவோம், அந்தரத்தில் இருக்கிற அரிசி வந்து சேர்ந்து கணக்கு சரியாகும். சத்தம் என் காதில் விழுந்து கைக்குப் போய்ச் சேர நேரம் வேண்டாமா? அதற்காகத்தான் முன்கூட்டித் தட்டியிருக்கிறாள். பத்து வயதிலிருந்து நான் செய்கிற வேலை இது, எனக்கு உறைக்கவில்லை. சந்தேகம் வந்தவுடன் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இரண்டாவது ஓவரில் கால்களை அகற்றி ஓடினேன். முதல் பந்து தடுமாறியது. இரண்டாவதில் முன்னங்கால் நேராக விழுந்தது, இடுப்பு திரும்பியது, கை தானாக வந்தது. பந்து ஆஃப் ஸ்டம்பை ஒட்டிக்கொண்டு போனது. கடைசிப் பந்தில் மட்டையாளரின் ஸ்டம்ப் சாய்ந்தது. பிரகதி தூரத்திலிருந்து கத்தினாள். தேர்வாளர்கள் அதற்குள் டீ குடிக்க எழுந்துவிட்டிருந்தார்கள்.

மறுநாள் அணியை அறிவித்தார்கள். பிரகதி இருந்தாள். மற்ற இரண்டு வேகப்பந்துக்காரர்கள் பட்டுக்கோட்டைப் பெண்ணும் பேராவூரணிப் பெண்ணும். நான் மாற்று ஆட்டக்காரர்களில்கூட இல்லை. அன்று இரவு முழுக்க அழுதேன். காலையில் பிரகதி சாரிடம் வரமுடியாது என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டதும் அழுகை நின்றுபோனது. நேராகச் சாரிடம் போனேன். வலைப்பயிற்சியில் பந்து போட மட்டும் வருகிறேன், ஆட இடம் வேண்டாம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன் செலவுல வரதுன்னா வா" என்றார். எங்கள் அத்தாவுக்கு இந்த வியாபாரம் புரியவில்லை. பிரகதியோடுதான் போகிறேன் என்று சொல்லி அம்மாதான் சம்மதம் வாங்கிக் கொடுத்தாள்.

அன்று மாலையே திருவையாற்றுக்குப் பேருந்து ஏறினேன். பிரகதியின் அப்பா துரைராசு வயலிலிருந்து அப்போதுதான் வந்து, வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பிரகதி வாசற்படியில் நின்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நீதான் செலக்ட் ஆவலியே" என்றார் அவர்.

"ஆமாப்பா. நெட்ல பந்து போடப் போறேன்."

"ஆடவும் போறதில்ல, காசும் நீயே போட்டுக்கிட்டு வர்றே." குழாயை மூடினார். "எதுக்கும்மா? ரெண்டு பேரும் வேற எங்கயாவது கெளம்புற திட்டமா?"

அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். எந்த மழுப்பலும் அதனிடம் எடுபடாது என்பதும் தெரியும். நட்பு, துணை என்று எதைச் சொன்னாலும் அவர் மறுபடி நிறுத்துப் பார்ப்பார். நம்புகிற மாதிரி என்னிடம் இருந்தது உண்மை ஒன்றுதான். அதைப் பிரகதியின் எதிரில் சொல்ல வேண்டியிருந்தது.

"இவ எனக்கு நல்லாத்தாம்ப்பா சொல்லிக் குடுத்தா. என்னக் கெடுக்கப் பாக்குறான்னு நான் நெனச்சேன். அதனால செலக்ஷன்ல வேணும்னே பழையபடி போட்டேன். என்னாலதான் இவளுக்குப் போக முடியாமப் போவுது. அதுக்குத்தான் வர்றேன்."

துரைராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத எவளும் இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டா" என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, "அமிர்தம், புள்ளைக்கி டீ போடு. ரெண்டும் போயிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரகதி இன்னும் வாசற்படியில்தான் நின்றாள். "எப்பலேருந்து?" என்று கேட்டாள்.

"மொத நாள்லேருந்து."

"முறுக்கு கொண்டாந்தேனே. அப்பயுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் கண் கலங்கியது.

"சேலத்துக்கு வா. எனக்கு அங்க ஆடணும்" என்றாள். "ஆனா பஸ்ல எம்பக்கத்துல ஒக்காராத."

சரி என்றேன்.