ஸ்பூனால் வெட்டிய கோழி

புதன்கிழமைக் கூட்டத்துக்கு நான் போவதே உட்கார ஒரு நாற்காலி கிடைக்கும் என்றுதான். காலை முழுக்கப் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்ற கால்கள் இவை. காருவாரு நகரில் எங்கள் பகுதி மனநல மையத்தில், நோயாளிகள், அவர்களுடைய வீட்டுக்காரர்கள், ஊழியர்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அங்கே என்ன மாற வேண்டும் என்று பேசிக் கை தூக்கி முடிவு செய்வோம். காப்பியில் சர்க்கரை அதிகம், மின்விசிறி ஓடவில்லை என்று போன வருடம் பேசியதையே இந்த வருடமும் பேசுவோம். வீட்டுக்காரர்கள் சார்பில் பேச என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வேறு யாரும் ஒழுங்காக வருவதில்லை, அவ்வளவுதான்.

அன்று என் தம்பி ஜெனிவால்டோ கை தூக்கினான். நாற்பது தாண்டியவன், அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்பவன். அந்தக் கூட்டத்தில் அதுவரை வாயே திறந்ததில்லை.

“இங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களுக்குக் கத்தியும் முள்கரண்டியும் வேணும். ஸ்பூனால கோழியை எப்படி வெட்டுறது? நாங்க என்ன கைக்குழந்தையா?”

“நான் பல்லால வெட்டிக்குவேன். அதுவும் பாதிதான் மிச்சம்,” என்றாள் பக்கத்தில் இருந்த எடிலியூசா. அவளும் அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்பவள்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

உளவியலாளர் தார்சியானா சின்னப் பெண். “எங்களுக்குச் சம்மதம். வீட்டுக்காரங்க என்ன சொல்றீங்க, ஜுலெய்டி அக்கா?” என்று என்னைப் பார்த்தாள். நான் கை தூக்கினால்தான் மற்ற அம்மாக்களும் தூக்குவார்கள்.

சில வருடங்களுக்கு முன் அவன் கத்தியோடு வீட்டுச் சமையலறைச் சுவரைப் பார்த்துக் கூச்சல் போட்டுக்கொண்டு நின்றான். யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கத்தி பழைய தையல் மெஷின் பெட்டிக்குள் இருக்கிறது. அவன் கோழியை நான்தான் வெட்டித் தட்டில் போடுகிறேன்.

“ஸ்பூனே போதும்,” என்றேன். “ஏதாவது ஆச்சுன்னா அவஸ்தைப்படறது நாங்கதானே.”

அம்மாக்களின் கைகள் மடியிலேயே கிடந்தன. கோரிக்கை தோற்றது. தம்பி நாற்காலிகளை அடுக்கினான்.

பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். சமாதானம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கோபத்தில் அவன் மறுபடி மாத்திரையைத் துப்ப ஆரம்பித்தால் என்ன செய்வேன் என்ற பயம் வேறு.

வீட்டில் சோறும் பீன்ஸும் கோழியும் சூடாக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கத்தியை எடுக்க வேண்டும். எழுந்திருக்க முடியவில்லை.

“நீ உட்காரு அக்கா,” என்றவன் நேரே முன்னறைக்குப் போய், தையல் மெஷின் பெட்டியைத் திறந்து, கத்தியோடு வந்தான். அவன் என் தட்டை இழுத்து, என் கோழியை எலும்பிலிருந்து பிரித்து வெட்டி, தட்டைத் திரும்ப என் பக்கம் தள்ளினான்.

“எப்போலேர்ந்துடா தெரியும்?”

“நீ ஒளிச்சு வெச்ச அன்னிக்கே. இத்தனை வருஷம் அது மொண்ணையாகாம இருக்கே, யார் தீட்டுறான்னு நெனச்சே?”

வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் நல்ல கத்தி, நல்ல கத்தி என்று நானே மெச்சியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அவன் தன் கோழியையும் வெட்டி முடித்து, கத்தியைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“எங்கடா போற?”

“பெட்டியில வெச்சிட்டு வரேன். வெளிய கிடந்தா உனக்குத் தூக்கம் வராதேக்கா.”

இவ்வளவு நாளும் நான்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அங்க வேணாம், ஸ்பூன் டப்பாவுல போடு,” என்றேன். “தூக்கம் வரலேன்னா போகுது. அடுத்த கூட்டத்துல மறுபடி கேளு.”

“நீ கை தூக்குவியா?”

“தூக்குறேன். வரும்போது ரெண்டு முள்கரண்டி எடுத்துட்டு வா, சோறு ஆறுது.”