பத்தாவது கதவு

பழைய ரயில்களைப் பாதுகாத்து ஓட்டிக்காட்டும் ஹாரோபெக் ரயில்வேயில் என்னை முதலில் கடைக்குத்தான் அனுப்பப் பார்த்தார்கள். பென்சில், கோப்பை, ரயில் படம் போட்ட துண்டு எல்லாம் விற்கிற கடை. "உங்க சிரிச்ச முகத்துக்கு அங்க நல்லா இருக்கும், எனிட்" என்றாள் செயலாளர். முப்பது வருஷம் சோபாவுக்கு மெத்தை தைத்துப் பிழைத்தவளிடம் சொல்கிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபேச்சு பேசாமல் நேரே பெட்டி ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

பழைய ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் அந்த ஷெட்டில் வில்ஃப் சக்டன் வைத்ததுதான் சட்டம். சம்பளம் இல்லாத வேலைதான், எல்லோரும் என்னைப் போல் சும்மா வருகிறவர்கள்தான். ஆனாலும் வில்ஃப் இருமினால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். கதவு மாட்டுவது அவர் ஒருவர்தான். பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு தப்பும் செய்ததில்லை. அதாவது, செய்ததாக ஒப்புக்கொண்டதில்லை.

எனக்கு அந்தக் கதவு வேலைதான் வேண்டும். பழைய பெட்டிக் கதவைச் சாத்தினால் 'டக்' என்று ஒன்று, உடனே இன்னொரு 'டக்'. இரண்டும் கேட்டால்தான் பூட்டு முழுசாக விழுந்தது என்று அர்த்தம். ஒன்று மட்டும் கேட்டால் அந்தப் பெட்டியில் ஆள் ஏற்ற விடமாட்டார்கள். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டபோதே முடிவு பண்ணிவிட்டேன். இருக்கைகளைத் தைத்து முடித்த கையோடு வில்ஃபிடம் கேட்டேன்.

"ஈஸ்டர் வரைக்கும் பாப்போம். சரிப்பட்டு வந்தா கதவு. இல்லன்னா கடை" என்றார்.

கையில் இருந்தது 1894-இல் செய்த மூன்றாம் வகுப்புப் பெட்டி. ஐந்து அறை, பக்கத்துக்கு ஐந்து கதவு. எல்லாம் தேக்கு. என் பங்கு, கழற்றி வைத்த கதவுகளைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பட்டி பார்த்து, மூன்று கை வார்னிஷ் அடிப்பது. கீல் பக்க விளிம்பில் சில வெட்டுகள் இருந்தன. ஒன்றில் ஒரு கோடு, ஒன்றில் மூன்று, இன்னொன்றில் பெருக்கல் குறி. எந்த வேலையற்ற பயலோ பேனாக்கத்தியால் கீறியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே பத்தையும் பட்டி வைத்து அடைத்தேன். அடைத்த இடம் எது என்று பிறகு எனக்கே தெரியவில்லை. வில்ஃப் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "பரவால்ல" என்றார். அவரிடமிருந்து அது வந்ததில் அன்று இரவுச் சாப்பாடு எனக்கு இரண்டு மடங்கு இறங்கியது.

அடுத்த வியாழக்கிழமை நான் பல் டாக்டரிடம் போய்விட்டேன். வில்ஃப் தனியாகக் கதவு மாட்ட ஆரம்பித்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை நான் வந்து பார்த்தால் ஒரு கதவுகூட மாட்டியபாடில்லை. பத்தும் சுவரில் சாய்ந்து நின்றன. வில்ஃபின் முகம் கடுகடுவென்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஹெட்லி தலையை நீட்டினார். அவர் சரக்கு வேகன்களைப் பழுதுபார்க்கும் கூட்டத்தின் தலைவர். கூரை போட்ட தண்டவாளம் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான். எங்கள் பெட்டி வெளியே போனால்தான் அவருடைய வேகன் உள்ளே வரும். அதுவரை மழையில் தார்ப்பாய்க்கு அடியில் வேலை. அதனால் தினமும் வந்து விசாரிப்பார்.

"யோவ் வில்ஃப், இன்னுமா? நாங்க பலகை அடிக்கிற பயலுக, எங்களுக்கு என்ன தெரியும்! ஆனா கீல் பக்கம் ரோமன் நம்பர் வெட்டியிருப்பானுங்களே? ஒண்ணாங் கதவுக்கு ஒரு கோடு, ரெண்டாங் கதவுக்கு ரெண்டு கோடு, பத்தாங் கதவுக்குப் பெருக்கல் குறி. அதப் பாத்து மாட்டினா ஆச்சு."

"இந்த வண்டில அப்படி எதுவும் கிடையாது. பாத்தாச்சு. எனக்கு எதுக்கய்யா நம்பர்? எந்தக் கதவு எங்கன்னு என் கண்ணே சொல்லும்."

"கண்ணு சொல்லுது சரி, கதவு கேக்க மாட்டேங்குதே!"

ஒரு கோடு, மூன்று கோடு, பெருக்கல் குறி. நான் அடைத்த கீறல்கள்! நூற்றுமுப்பது வருஷம் ஓடித் தேய்ந்து வளைந்த பெட்டி. ஒவ்வொரு கதவும் அதனதன் வாசலுக்குத்தான் பொருந்தும். அதைச் சொல்கிற ஒரே அடையாளத்தை நான் அடைத்து மூடியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, என் பட்டி வேலை அவ்வளவு சுத்தம். சொன்னால் கடைதான். பென்சில்தான்.

ஹெட்லி சொன்னதில் ரோஷம் வந்து வில்ஃப் ஒரு கதவை மேசைமேல் கிடத்தி இழைப்புளியை எடுத்தார். பொருந்தாத கதவைச் சீவிப் பொருத்தப் போகிறார். சீவினால் அந்தத் தேக்கு திரும்பி வருமா?

"வேண்டாம்! கை வைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். ஷெட்டே திரும்பியது. "நம்பர் இருந்துச்சு. கீறல்னு நினைச்சு நான்தான் பட்டி வச்சு மூடிட்டேன்."

"பத்துலயுமா?"

"பத்துலயும்."

வில்ஃப் இழைப்புளியைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு மழையில் பிளாட்பாரத்துப் பக்கம் போய்விட்டார். ஹெட்லி விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மணி, நாசம் பண்றதுலகூட என்னா நேர்த்தி! எங்க ஆளுக யாருக்கும் இவ்வளவு சுத்தமா வராது."

வீட்டில் என் கணவர் ரோலண்டிடம் சொல்லி அழுதேன். முழுசும் கேட்டுவிட்டு மனிதர், "கடைல சேந்தா நமக்குக் கோப்பை தள்ளுபடில கிடைக்குமா?" என்று கேட்டார். தலையணையை எடுத்து வீசினேன்.

வியாழக்கிழமை என் பழைய தையல் பெட்டியோடு போனேன். தேக்கில் ஊசி இறங்காது, பட்டியில் இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு கீல் விளிம்பு நெடுக ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தேன். இறங்குகிறது, நிற்கிறது, மறுபடி இறங்குகிறது. மூன்று கோடு. மூன்றாம் கதவு! மதியச் சாப்பாட்டுக்குள் பத்துக்கும் நம்பர் எழுதி ஒட்டிவிட்டேன். ஹெட்லியே இரண்டு ஆட்களோடு வந்து தூக்கிக் கொடுத்தார். எல்லாம் அவருடைய வேகன் நனைகிற அவசரம்.

ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வொன்றும் டக், டக். ஒவ்வொரு தடவையும் எனக்கு உச்சி குளிர்ந்தது. பத்தாவது கதவு மட்டும் ஒரே ஒரு டக். பூட்டுப் பக்கம் பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஹெட்லியின் ஆட்கள் தேநீர் குடிக்கப் போனதும் குனிந்து அந்த விளிம்பைப் பார்த்தேன். மேலே ஒரே ஒரு கை வார்னிஷ். நான் அடித்தது மூன்று. அடியில் புதுசாகச் சீவிய மரம்.

நான் பல் டாக்டரிடம் போன அன்றே வில்ஃப் இதைச் சீவியிருக்கிறார். வேறு வாசலில் வைத்துப் பார்த்திருக்கிறார், நுழையவில்லை, இழைத்துவிட்டார். அதை மறைத்து வார்னிஷும் பூசிவிட்டு, செவ்வாய்க்கிழமை என்னை அத்தனை பேர் நடுவில் குற்றவாளியாக நிற்க விட்டுவிட்டு மழையில் போய் உட்கார்ந்திருக்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இழைப்புளியையே அவர்மேல் வீசியிருப்பேன்.

அவர் மூலையில் ஏற்கெனவே கூராக இருந்த உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒரு தேக்குச் சட்டத்தை அவர் முன்னால் போட்டேன்.

"எதுக்கு இது?"

"பத்தாவது கதவுக்கு. நீங்க சீவினதுக்குப் பதிலா வைக்க."

அவர் காது சிவந்துவிட்டது. "சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் மெதுவாக.

"எப்ப? என்னைக் கடைக்கு அனுப்பினப்புறமா?"

உளியைக் கீழே வைத்துவிட்டு, "ஹெட்லிகிட்ட சொல்லப்போறீங்களா?" என்றார். அந்தக் குரலைக் கேட்டு என் ஆத்திரம் பாதி இறங்கிவிட்டது. பாதிதான்.

"என் தப்ப நான் சொல்லியாச்சு. உங்க தப்ப நீங்கதான் சொல்லணும். என்னால ஒட்டித்தான் குடுக்க முடியும்."

மரத்தின் ரேகை ஓட்டம் ஒத்துவரும் துண்டாகப் பார்த்து வெட்டி ஒட்டினேன். ஒட்டு விலகாமல் இறுக்க அவர் கிளாம்பை முறுக்கிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காய்ந்ததும் நான் கேட்காமலே தன் இழைப்புளியை எடுத்து என் கையில் வைத்தார். அதை அவர் யாருக்கும் கொடுத்து ஷெட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து, வைத்துப் பார்த்து, மறுபடி இழைத்தேன். நாலாவது தடவை இரண்டு டக் கேட்டது. ஆனாலும் கதவா கடையா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை பெட்டியைச் சோதிக்க ஆர்மிட்டேஜ் வந்தார். வேறு ரயில்வேக்காரர், சிரிக்கவே தெரியாத மனிதர். ஆறாம் கதவில் தொடங்கி வரிசையாகச் சாத்திச் சாத்திப் பார்த்தார். பத்தாவது கதவில் இரண்டு டக்கும் கேட்டது. ஆனால் நகர மாட்டேன் என்கிறார். விளிம்பில் நகத்தை ஓட்டினார்.

"இங்க ஒரு துண்டு ஒட்டியிருக்கே. நல்ல கதவ யாரு சீவினது?"

ஷெட் மொத்தமும் என்னைப் பார்த்தது. வேறு யாரைப் பார்க்கும்? எனக்கு முகமெல்லாம் எரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். நான் சொல்லமாட்டேன். செத்தாலும் சொல்லமாட்டேன்.

"நான்தான்."

நிமிர்ந்தேன். வில்ஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"தப்பான வாசல்ல வச்சுப் பாத்துட்டு, வீம்புக்குச் சீவிட்டேன். நம்பர் ஏன் இல்லன்னு ஒரு வார்த்தை எனிட்கிட்டக் கேட்டிருக்கலாம். கேக்கல. அப்புறம் அவங்க எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டாங்க, நான் வாய மூடிக்கிட்டு நின்னேன்."

"யாராவது இன்னிக்குத் தேதியக் குறிச்சு வைங்கய்யா!" என்றார் ஹெட்லி. ஆனால் அவருக்கும் சிரிப்பு சரியாக வரவில்லை.

"ஒட்டினது யாரு?" என்றார் ஆர்மிட்டேஜ்.

"அவங்க. பத்தையும் சரியான எடத்துல சேத்ததும் அவங்கதான். இனிமே இந்த ஷெட்ல கதவப் பத்தி ஏதாவது கேக்கணும்னா அவங்களக் கேளுங்க."

இந்த மனிதர் என்றைக்காவது வாயைத் திறந்தால் சுடச்சுடக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வாரமாக நாலைந்து வசனம் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

ஆர்மிட்டேஜ் சோதனைக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப கதவு உங்க பொறுப்பா?"

"ஆமா" என்றேன். "அந்தப் பக்கம் இன்னும் அஞ்சு இருக்கு, வாங்க." சொல்லிவிட்டு நான் முன்னால் நடந்தேன்.